வனக் கொள்கையில் எந்த நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்? பட்டிமன்றத்துக்கு உதவி வேண்டும்

மலர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்கப் போகிறோம். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க எந்த நாட்டின் வனக் கொள்கை சிறந்தது என்பது தலைப்பு. தலைமையாசிரியரே கொடுத்தது, அதனால் தலைப்பை அதிகம் மாற்ற முடியாது.

பிள்ளைகள் இணையத்தில் தேடி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்தார்கள். எந்த நாட்டில் எத்தனை சதவீதம் காடு என்று. சுரினாம் 90-க்கு மேல், பின்லாந்து 70-க்கு மேல், ஜப்பான் மூன்றில் இரண்டு பங்கு, பிரேசில் 60-ஐ ஒட்டி, இந்தியா 25. பட்டியலைப் பார்த்ததும் ஒரு பையன், "அப்போ சுரினாமுக்குக் கப்பைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாமா மிஸ்?" என்று கேட்டான். மொத்தமே ஆறு லட்சம் சொச்சம் பேர்தான் அங்கே, அதனால் காடு தப்பித்தது என்று சொல்லிச் சமாளித்தேன். உடனே இன்னொரு பெண், "எல்லாரும் திட்டுற பிரேசில் நம்மைவிட ரெண்டு மடங்கு மேல இருக்கே?" என்றாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

என் கேள்வி இதுதான். சதவீதத்தை விட்டுவிட்டு வேறு எதை வைத்து ஒப்பிடலாம்? ஓர் அணிக்கு ஐந்து நிமிடம்தான். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி உதாரணம் இருந்தால் நல்லது.

பச்சைத்துண்டு:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது டீச்சர், சீனாதான். 1978-இல் வடக்கே பாலைவனத்தைத் தடுக்க மரச்சுவர் திட்டம் தொடங்கினார்கள், 2050 வரை ஓடப் போகிற திட்டம். 80-களின் தொடக்கத்தில் 12 சதவீதமாக இருந்த காடு இப்போது 24-ஐத் தாண்டிவிட்டது. உலகத்தில் இவ்வளவு மரம் நட்ட நாடு வேறு கிடையாது. நம் ஊரில் அமைச்சர் வந்து நட்ட கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

பழைய கடன்மேசை:

டீச்சர், பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு நாட்டில் எவ்வளவு காடு இருக்கிறது என்பது பாதிக்கு மேல் மழையும் மக்கள்தொகையும் முடிவு செய்த விஷயம். கொள்கை வேலை செய்ததா என்று தெரிய வேண்டுமானால் ஒரே நாட்டை முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த வருடம் உத்தரவு போட்டார்கள், அதற்குப் பிறகு வெட்டு குறைந்ததா, உத்தரவில் கையெழுத்துப் போட்டது எந்தத் துறை. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

நான் வங்கி வேலையில் பெரும்பகுதியை விவசாயக் கடன் மேசையில் கழித்தவன். சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்று, வில்லங்கம் என்று காகிதத்திலேயே காலம் போயிற்று. அதனால்தானோ என்னவோ, பிரேசில் கதையில் எல்லோரும் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசும்போது என் கண் கடன் மனுவின் மேல்தான் நிற்கிறது.

அந்த நாட்டின் வனச் சட்டம் 1965-இலேயே வந்தது. அமேசான் பகுதியில் சொந்த நிலம் வைத்திருப்பவர் அதில் 80 சதவீதத்தைக் காடாகவே விட வேண்டும் என்பது 1996 முதல் விதி. கேட்க எவ்வளவு கடுமை பாருங்கள். ஆனால் 2004-இல் ஒரே ஆண்டில் அமேசானில் 27,772 சதுர கி.மீ. காடு அழிந்தது. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். விதி இருந்தது, கேட்பாரில்லை.

அந்த ஆண்டுதான் மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது ஒரு தடுப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். இன்பே என்ற அவர்களுடைய விண்வெளி ஆய்வு நிறுவனம், காடு எங்கே வெட்டுப்படுகிறது என்று வருடம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது. அதிகாரிகள் சரியான இடத்துக்குப் போனார்கள். சரி, நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அந்தச் செயற்கைக்கோள் கண்ணுக்கு 25 ஹெக்டேருக்குக் கீழே சரியாகத் தெரியாது என்று கண்டுபிடித்து, துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினார்கள். ("நம் ஆட்கள்" என்று எழுதிவிட்டேன். இந்த விஷயத்தில் எல்லா ஊரும் நம் ஊர்தான்.)

2008-இல் வந்தது நான் சொல்ல வந்த உத்தரவு. போட்டது வனத்துறை கிடையாது, நிதித்துறைப் பக்கம்: தேசியப் பணக் குழு. அமேசான் பகுதியில் விவசாயக் கடன் வேண்டுமானால் நிலப் பதிவுச் சான்று காட்ட வேண்டும், சுற்றுச்சூழல் விதிக்கு உட்பட்ட நிலம் என்று மாநில அரசின் சான்று காட்ட வேண்டும், சட்டவிரோதமாக வெட்டியதற்காகத் தடை போட்ட நிலம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வட்டிச் சலுகையோடு வரும் கடனுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு முக்கியமாக உறைத்தது. காட்டுக்குள் ஜீப் அனுப்ப வேண்டாம். டவுனில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் "இந்தக் காகிதம் இல்லையே ஐயா" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தால் போதும். திருப்பிக் கொடுத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. எதிரே இருப்பவர் முகம் மாறுவது தனிக் கதை.

ரியோவில் இருக்கும் பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டார்கள். 2009-க்கும் 2011-க்கும் இடையில் சுமார் 2,700 சதுர கி.மீ. காடு இந்த ஒரு உத்தரவால் தப்பியது என்று வந்தது. அதிலும் ஒரு நுணுக்கம்: மாடு வளர்க்கும் வட்டாரங்களில்தான் பலன் தெரிந்தது, பயிர் வட்டாரங்களில் பெரிதாகத் தெரியவில்லை. ஏனென்றால் சோயா பயிரிடுபவருக்குத் தானிய வியாபாரிகளே முன்பணம் கொடுப்பார்கள். இங்கே பயிர்க்கடன் கிடைக்காவிட்டால் கமிஷன் மண்டிக்குப் போவார்களே, அதே வழி. அந்த ஓட்டையை அடைத்தது வேறொன்று: 2006-இல் பெரிய சோயா வியாபாரிகள், புதிதாகக் காடழித்த நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று செய்துகொண்ட ஒப்பந்தம். சிறு விவசாயிகளுக்குக் கடன் விதியில் தளர்வும் கொடுத்திருந்தார்கள். அதைச் செய்யாமல் இருந்தால் அரசியல்ரீதியாக அந்த உத்தரவு ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொரு கிடுக்கிப்பிடி: அதே சமயம் அதிகம் வெட்டிய 36 நகராட்சிப் பகுதிகளைப் பட்டியல் போட்டு நெருக்கினார்கள். ஒருவன் வெட்டினால் வட்டாரத்துக்கே கெட்ட பெயர். பராகோமினாஸ் என்ற ஊர் மரமறுக்கும் பட்டறைகளுக்குப் பேர்போனது. நிலம் வைத்திருப்பவர்களை ஒருவர் பாக்கியில்லாமல் பதிவு செய்ய வைக்க ஓடி, 2010-இல் முதல் ஊராகப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

எல்லாம் சேர்ந்து 2012-இல் அழிவு 4,571 சதுர கி.மீ. என்று இறங்கியது. அந்த ஆண்டுகளில் அவர்களுடைய சோயா உற்பத்தி குறையவில்லை. அப்புறம் ஆட்சி மாறியது. 2019-இல் இன்பேயின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ, எண்களை வெளியிட்டதற்காக அதிபரோடு மோத நேர்ந்து பதவி இழந்தார். நார்வே பணம் போட்ட அமேசான் நிதி முடங்கியது. 2021-இல் 13,038. மறுபடி ஆட்சி மாறி, மரினா சில்வா திரும்ப வந்து, 2024-இல் 6,288. இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் 80 சதவீத விதி சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. உங்கள் மாணவிக்கு இதுதான் பதில் டீச்சர்: 60 சதவீதம் இருப்பு, இந்த எண்கள் நடப்பு.

கோஸ்டாரிகாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே காட்டுக்குக் கூலி பெட்ரோல் பங்கிலிருந்து வருகிறது. 1996 வனச் சட்டப்படி எரிபொருள் வரியில் ஒரு பங்கை, இப்போது 3.5 சதவீதம், எடுத்துக் காட்டைக் காப்பாற்றும் நில உரிமையாளருக்குக் கொடுக்கிறார்கள். வண்டி புகை விடுகிறது, அதே வண்டி மரத்துக்கும் படியளக்கிறது. காடு 80-களில் கால்வாசிக்கும் கீழே போய், இப்போது பாதிக்கு மேல். ஆனால் இதைக் கேட்டதும் கைதட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பணம் கொடுக்கத் தொடங்கியது 1997-இல். அதற்கு முன்பே மாட்டிறைச்சி ஏற்றுமதி படுத்து, மேய்ச்சல் நிலங்கள் தாமாகவே புதர் மண்டத் தொடங்கிவிட்டன. காட்டை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்ற தடையும் அதே சட்டத்தில் இருக்கிறது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். இனி எல்லோரும் மின்சார வண்டிக்கு மாறினால் கூலிக்கு எங்கே போவது என்ற கவலையும் அவர்களுக்கு உண்டு.

தேகு தமிழன்:

கடன்மேசை ஐயா சொன்னதோடு தென் கொரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். இங்கே நான் இருக்கும் நகரத்தைச் சுற்றி எந்த மலையைப் பார்த்தாலும் பச்சை, நாட்டில் 63 சதவீதம் காடு. ஆனால் மரங்களைக் கவனித்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே வயது. 1950-களின் போர் முடிந்தபோது இந்த மலைகள் மொட்டை.

எங்கள் வீட்டு ஓனர் பாட்டி சின்ன வயதில் பள்ளியிலிருந்தே மலைக்கு அனுப்புவார்களாம். கையில் ஒரு டப்பா, குச்சி. பைன் மரத்துக் கம்பளிப்பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து டப்பாவில் போட வேண்டும், வாத்தியார் எண்ணிப் பார்ப்பாராம். சொல்லும்போது இன்னும் உடம்பைச் சொறிந்துகொள்கிறார்.

1973-இல் அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியில் பத்து ஆண்டுத் திட்டம் போட்டார்கள். பத்து லட்சம் ஹெக்டேரில் நடுவது இலக்கு. 1978-லேயே முடித்துவிட்டார்கள். ஆனால் நட்டது மட்டும் போதாது. அப்போதெல்லாம் இங்கே குளிருக்குத் தரைக்கு அடியில் நெருப்பு மூட்டுவார்கள், வீட்டுக்கு வீடு விறகு. அந்த விறகை நிறுத்தியது யோந்தான் என்கிற நிலக்கரிக் கட்டி. உருளையாக, நடுவில் துளை துளையாக இருக்கும். நகரங்களுக்குள் விறகு கொண்டுவருவதைத் தடுத்தார்கள், நிலக்கரிக் கட்டியைப் பரப்பினார்கள், மலை தப்பித்தது. அதன் புகையில் தூக்கத்திலேயே செத்தவர்கள் ஏராளம். காலநிலைக் கணக்கிலும் இது வேடிக்கைதான், நிலக்கரியை எரித்துக் காட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சர்வாதிகார ஆட்சி என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். மலையில் எரித்து விவசாயம் செய்தவர்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஒரே வயது மரம் என்றேன் இல்லையா, அவை இப்போது முதிர்ந்துவிட்டன, வளர்ச்சி மந்தம், கார்பனை இழுக்கும் வேகமும் குறைந்துகொண்டே வருகிறது. 2025 மார்ச்சில் எங்கள் பக்கத்து உய்சோங்கில் பிடித்த தீ இந்த நாட்டின் சரித்திரத்திலேயே பெரியது. பைன் பிசின் எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடலூர்க்காரன்:

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கடன்மேசை ஐயாவின் மருந்து எங்கள் ஊரில் வேலை செய்யாது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் ஜென்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1969-இல். அதில் குத்தகைத் தோட்ட நிலம் பற்றிய 17-ஆம் பிரிவில் மாட்டிய நிலத்தின் சிக்கல் இன்னும் தீரவில்லை. "செக்‌ஷன் 17" என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் எந்த வங்கியிலும் கடன் கிடையாது, கரண்டு வாங்குவதற்கே நாய் படாத பாடு. வங்கிக் கடன் இல்லாவிட்டால் காடு பிழைக்கும் என்றால் எங்கள் ஊரில் ஒரு மரம்கூட விழுந்திருக்கக் கூடாது. கடன் இல்லாமலேயே குடும்பத்தோடு இறங்கி வெட்டித் தேயிலை வைத்தார்கள், பிழைக்க வேறு வழி இல்லாமல்.

இங்கே வெட்டு நின்றது கோர்ட்டால். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனது கூடலூர்க் காட்டுக்காகத்தான். 1996 டிசம்பர் 12 உத்தரவில், பதிவேட்டில் எப்படி இருந்தாலும், யாருடைய நிலமாக இருந்தாலும், அகராதிப்படி காடு என்றால் காடுதான், மத்திய அரசு அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்றார்கள். காட்டுப் பகுதிகளில் அனுமதி இல்லாமல் ஓடிய மரமில்கள் மூடின. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அந்த எல்லையைச் சுருக்கப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் பழைய அர்த்தத்தையே இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்புறம் அந்த 25 சதவீதம். 2023 வன நிலை அறிக்கையில் 25.17 என்று இருப்பது காடும் காட்டுக்கு வெளியே உள்ள மரங்களும் சேர்ந்த கணக்கு. காடு மட்டும் 21.76. அந்த 21.76-க்குள் என்ன இருக்கிறது? ஒரு ஹெக்டேர் பரப்பு, மேலிருந்து பார்த்தால் 10 சதவீதம் நிழல், அவ்வளவுதான் தகுதி. தென்னந்தோப்பா, மாந்தோப்பா, ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமா, கேள்வியே கிடையாது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பழத்தோட்டத்தைக் காடாக எண்ணாது. சீனாவோ 20 சதவீத நிழல் கேட்கிறது. ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டால் சுரினாம்தான் ஜெயிக்கும். 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை மரங்கள் உள்வாங்க வைப்போம் என்று இந்தியா உலகத்துக்குச் சொன்ன வாக்குறுதியிலும் "காடும் மரங்களும்" என்றுதான் இருக்கிறது.

நேபாளத்தை ஒருவரும் பேசவில்லையே. 1993 வனச் சட்டத்தில் மலைக்காட்டைக் கிராமக் குழுக்களிடம் கொடுத்தார்கள். இப்போது 22,000-க்கு மேல் குழுக்கள். எந்தப் புல்லை எப்போது அறுக்கலாம், விறகு யாருக்கு எத்தனை கட்டு என்பதை அவர்களே கூடி முடிவு செய்கிறார்கள். காடு திரும்பி வந்தது. ஆண்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதும் ஒரு காரணம் என்பார்கள், இருக்கட்டும். இங்கே 2006 வன உரிமைச் சட்டம் அதே அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது, காகிதத்தில்.

பழைய கடன்மேசை:

கூடலூர்க்காரரே, நல்ல அடி. வெட்டுகிறவன் வங்கியை நம்பியிருக்கும் இடத்தில்தான் வங்கிப் பூட்டு வேலை செய்யும். பிரேசிலில் மாட்டுப் பண்ணைக்காரன் ஆயிரம் ஹெக்டேர்க் கணக்கில் பேசுகிறவன், கடன் இல்லாமல் நகர மாட்டான். உங்கள் ஊரில் வெட்டியவனுக்குத் தேவைப்பட்டது பட்டா. ஆக உங்கள் பூட்டு வருவாய்த்துறையிடம் இருக்கிறது. கொரியாவில் பூட்டு அடுப்பில் இருந்தது. நான் சொல்ல வந்ததும் அதுதான்: காட்டை அழிக்கும் கை எதற்காக யாரிடம் நீள்கிறதோ, அங்கே போய்ப் பிடிக்க வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் அந்தக் கை அநேகமாக அகப்படாது.

பச்சைத்துண்டு:

என் சீனாவுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழைய கடன்மேசை:

தம்பி, உங்கள் சீனாவில் எனக்குப் பிடித்தது மரச்சுவர் இல்லை, அரிசி மூட்டை. 1998-இல் யாங்சி வெள்ளத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள் போனார்கள். மலைச்சரிவில் உழுததும் மேலே காட்டை மொட்டையடித்ததும் ஒரு காரணம் என்று அரசு முடிவு செய்தது. இயற்கைக் காட்டில் வெட்டுக்குத் தடை போட்டது. 1999 முதல் 25 டிகிரிக்கு மேல் சரிவான வயலைக் கைவிட்டு மரம் வைக்கும் விவசாயிக்குத் தானியமாகவே கொடுத்தார்கள். யாங்சிப் பக்கம் ஹெக்டேருக்கு வருடம் 2,250 கிலோ, மஞ்சள் நதிப் பக்கம் 1,500 கிலோ, கைச்செலவுக்கு 300 யுவான். அந்தச் சரிவில் விளைவதே அவ்வளவுதான் இருக்கும். களஞ்சியத்தில் தானியம் மிஞ்சிக் கிடந்த நேரம் வேறு. விவசாயிக்கு நஷ்டமில்லை.

கோளாறு எங்கே என்றால், வைத்த மரம் பெரும்பாலும் ஒரே இனம். சிச்சுவானில் ஆய்வு செய்தவர்கள், மொத்த மரப்பரப்பு கூடியிருக்கிறது, ஆனால் உண்மையான நாட்டுக் காடு குறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். உள்நாட்டில் வெட்டுக்குத் தடை போட்டுவிட்டு, தேவையான மரத்தை ரஷ்யாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் இறக்குமதி செய்தார்கள். வளிமண்டலத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. எங்கே வெட்டினாலும் அது ஒரே கணக்கில்தான் ஏறும்.

மலர் டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். வெட்டாமல் நிறுத்துவது, புதிதாக நடுவது, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பழைய கடன்மேசை:

வைக்கக் கூடாது டீச்சர். ஒரு ஹெக்டேர் அமேசான் காட்டை வெட்டி எரித்தால் சில நூறு டன் கார்பன் டை ஆக்சைடு ஒரே கோடையில் மேலே போய்விடும். அதே இடத்தில் கன்று வைத்து அவ்வளவையும் திரும்ப இழுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், கன்று பிழைத்தால். முதலில் கடனை அடைக்காதே என்று சொல்லிவிட்டு உண்டியலில் சில்லறை போடச் சொல்கிற மாதிரிதான் நடுவதை மட்டும் கொண்டாடுவது. பிரேசில் அணிக்கு இதுதான் பலம். சீன, கொரிய அணிகள் இதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வரட்டும்: அங்கே நிறுத்துவதற்குக் காடே மிச்சமில்லாத மலைகள், நட்டுத்தான் ஆக வேண்டும்.

மலர் டீச்சர்:

சரி, இப்படிப் பிரித்துவிட்டேன். பிரேசில் 2008, கோஸ்டாரிகா 1997, கொரியா 1973, சீனா 1999. ஒவ்வோர் அணியும் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த உத்தரவைப் போட்டது யார், வெட்டியவன் கை எப்படிக் கட்டுப்பட்டது, என்ன விலை கொடுத்தார்கள் என்று பேச வேண்டும். நேபாளத்துக்கு ஒரு மாணவியே கை தூக்கினாள், அவள் அப்பா பத்து ஆடு வைத்திருக்கிறார், மேய்ச்சலுக்கு வனத்துறையோடு தினம் பேச்சுவார்த்தை. சுரினாம் பையனை நேரம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கூடலூர்க்காரர் சார், நேபாளக் குழுக்கள் விறகு பிரிக்கும் விதம் பற்றித் தமிழில் ஏதாவது இருந்தால் இங்கேயே போடுங்களேன். இல்லாவிட்டால் உங்கள் வார்த்தையில் நாலு வரி போதும், வெள்ளிக்கிழமைக்குள்.

கூடலூர்க்காரன்:

இன்று ராத்திரி எழுதிப் போடுகிறேன் டீச்சர். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், மேய்ச்சல் விதி அங்கே குழுவுக்குக் குழு மாறும். முதல் கேள்வியே அதிலிருந்து வரும்.